பரு போச்சு, பள்ளம் போகலையே!

முகப்பருத் தழும்போடு வருபவரைப் பரிசோதிக்கத் தோல் மருத்துவருக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அறையின் குழல்விளக்கை அணைத்துவிட்டு, கன்னத்துக்குப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும். நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரிந்த கன்னம், சாய்வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமாகிவிடும். அடுத்து, இரு விரல்களால் தோலை இழுத்துப் பார்ப்பார். இழுத்ததும் மறைகிற பள்ளம் ஒரு ரகம். இழுத்தாலும் அசைந்து கொடுக்காதது வேறு ரகம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமலே, வரவேற்பறையிலேயே ‘ஆறு சிட்டிங் லேசர் பேக்கேஜ்’ என்று ரசீது கிழித்துக் கொடுக்கும் இடங்கள் ஊருக்கு ஊர் பெருகிவிட்டன. சுவரெல்லாம் ‘முன்’, ‘பின்’ படங்கள். அந்தப் படங்களில் கன்னத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மூக்கின் நிழலைப் பார்ப்பது நல்லது. ‘முன்’ படத்தில் நிழல் ஒருபக்கக் கன்னத்தில் நீண்டு விழுந்து, ‘பின்’ படத்தில் நிழலே காணோம் என்றால், விளக்கை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2015-ல் வெளிவந்த ‘பிரேமம்’ மலையாளப் படத்தில், கன்னத்துப் பருக்களை மறைக்காமல் மலர் டீச்சராக வந்த சாய் பல்லவியைத் தமிழ்நாட்டுக் கல்லூரிப் பெண்களும் கொண்டாடினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனாலும் தோல் டாக்டர்களின் வாசலில் வரிசை குறைந்தபாடில்லை. திரையில் தெரிந்தது பரு. பரு வரும், போகும். வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குப் பரு நின்று ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். அது விட்டுப்போன குழிகள்தான் அவர்கள் கவலை.

அந்த வரிசையிலேயே பாதிப் பேர் தவறான இடத்துக்கு வந்திருக்கலாம். பரு ஆறியதும் அந்த இடத்தில் கருமை படிவது நம் தோலுக்கு இயல்பு. சிலருக்குச் சிவப்பாக நிற்கும். தடவிப் பார்த்தால் தோல் சமமாகவே இருக்கும். இது நிற மாற்றம் மட்டுமே. சன்ஸ்கிரீனும் சில பூச்சு மருந்துகளும் துணையிருந்தால், சில மாதங்களில் மெல்ல மங்கிவிடும். தோலைச் சீவவோ சுடவோ வேண்டியதே இல்லை. தடவினால் விரலுக்குத் தட்டுப்படும் பள்ளத்தின் கதை வேறு. அங்கே தோலுக்கு அடியில் சரக்கே குறைந்துவிட்டது. அது தானாக நிரம்பாது.

மயிர்க்காலும் அதையொட்டிய எண்ணெய்ச் சுரப்பியும் அடைபட்டு, உள்ளே நுண்ணுயிர் பெருகி, அழற்சி கிளம்பும்போது பரு வீங்குகிறது. அந்த வீக்கம் உள்ளுக்குள்ளேயே வெடித்தால், சீழோடு வரும் நொதிகள் சுற்றியிருக்கும் கொலாஜன் நார்களையும் சேர்த்துக் கரைத்துவிடும். உடம்பு அவசரமாகச் செய்யும் பழுதுபார்ப்பு போதாமல் போனால் பள்ளம். மிதமிஞ்சிப் போனால் மேடு. தாடையோரம், நெஞ்சு, தோள்பட்டை ஆகிய இடங்களில் தடித்துக் கிளம்பும் கீலாய்டு அந்த இரண்டாவது வகை. அதன்மேல் தோலைச் சீவும் சிகிச்சை எதைச் செய்தாலும் இன்னும் பெரிதாக வளரும் அபாயம் உண்டு.

பிரிட்டனின் லீட்ஸ் நகரில் ஆலிசன் லேட்டன் குழுவினர் 185 நோயாளிகளை ஆராய்ந்து 1994-ல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கூடவோ குறையவோ, அவர்களில் 95 சதவீதம் பேருக்கு முகத்தில் தழும்பு இருந்தது. ஆண், பெண் என்ற வித்தியாசம் இல்லை. பரு தொடங்கியதிலிருந்து முறையான மருந்து ஆரம்பிப்பது தள்ளிப்போகப் போக, மூன்று வருடம் வரை, தழும்பின் கடுமையும் கூடிக்கொண்டே போனது. “வயசுக் கோளாறு, தானாப் போயிடும்” என்று சொல்லிப் பிள்ளைகளைக் காத்திருக்க வைக்கும் வீடுகளுக்கு அந்தக் கட்டுரையைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம்.

மூன்று வகைப் பள்ளங்கள்

2001-ல் அமெரிக்காவில் ஜேக்கப் என்ற மருத்துவரும் சகாக்களும் இந்தப் பள்ளங்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஊசி குத்தியது போலக் குறுகலாக, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான வாயோடு ஆழமாக இறங்குவது ‘ஐஸ்பிக்’. செங்குத்தான விளிம்பும் தட்டையான அடியுமாக இருப்பது ‘பாக்ஸ்கார்’. அம்மைத் தழும்புக்குப் பக்கத்துச் சொந்தம். அகலமாக, அலையலையாகத் தெரிவது ‘ரோலிங்’. தோலின் அடிப்பகுதியை உள்ளிருந்து நார்கள் பிடித்துக் கீழே இழுப்பதால் வருவது இந்த மூன்றாவது. இழுத்துப் பார்க்கையில் மறைவதும் பெரும்பாலும் இதுதான்.

பெரும்பாலோர் முகத்தில் மூன்றும் கலந்தே இருக்கும். கன்னத்தின் மேல்பகுதியில் ஐஸ்பிக், பொட்டோரம் பாக்ஸ்கார், தாடைப் பக்கம் ரோலிங் என்று ஒரே முகத்தில் மூன்று கணக்கு. ‘எந்த லேசர் பெஸ்ட்?’ என்ற கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லும் மருத்துவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டியிருக்கிறது. ஐஸ்பிக்கின் அடியாழத்தை முகம் முழுக்க ஓட்டும் லேசர் எட்டுவதே கஷ்டம். ரோலிங் பள்ளத்தைக் கீழே இழுக்கும் நாரை அறுக்காமல், மேலே என்ன பூசினாலும் என்ன சுட்டாலும் பலன் அரைகுறைதான்.

பல் டாக்டரின் கருவியிலிருந்து லேசர் வரை

தோலைச் சீவிப் புதிதாக வளர விடலாம் என்ற யோசனை பழையது. 1905-ல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் க்ரோமாயர், பல் வைத்தியர்கள் சொத்தையைக் குடையப் பயன்படுத்தும் சுழல் கருவியை எடுத்து முகத் தழும்புகளின்மேல் ஓட்டினார். 1953-ல் நியூயார்க்கின் ஆப்னர் குர்ட்டின், தோலைக் குளிரூட்டி விறைக்க வைத்து, வேகமாகச் சுழலும் கம்பித் தூரிகையால் மேற்பரப்பைச் சீவினார். டெர்மாபிரேஷன் என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. இன்னொரு பக்கம் பீனால் போன்ற அமிலங்களால் தோலை உரிக்கும் ‘பீலிங்’. ஆழமாக உரிக்கும் பீனால் இரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே செய்ய வேண்டிய சிகிச்சை அது.

மூன்றாவது பாதையின் தொடக்கத்தில் ஓர் இந்தியர் நிற்கிறார். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்து அமெரிக்கா போன குமார் படேல், 1964-ல் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். அதன் அகச்சிவப்புக் கதிரைத் தண்ணீர் பேராவலோடு உறிஞ்சிக்கொள்ளும். தோலின் செல்களில் நிறைந்திருப்பதோ தண்ணீர். கதிர் பட்ட இடம் கணத்தில் ஆவியாகும். அடியில் இருக்கும் கொலாஜன் சூட்டில் சுருங்கி, பிறகு புதிதாக உற்பத்தியாகத் தொடங்கும். 1990-களில் மிகக் குறுகிய துடிப்புகளாகக் கதிரைப் பாய்ச்சும் இயந்திரங்கள் வந்ததும் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்குப் பெரும் மோகம் பிறந்தது. முழு முகத்தின் மேல்தோலையும் ஒரே மூச்சில் அகற்றிவிடுவார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் புதுத்தோல் மூடும். சிவப்பு மட்டும் மாதக்கணக்கில் நிற்கும்.

வெள்ளைத் தோலில் சிவப்போடு முடிந்தது, பழுப்புத் தோலில் கருமையாகப் படிந்தது. சிலருக்குப் பல மாதம் கழித்து, சிகிச்சை செய்த பகுதி மட்டும் நிறமிழந்து வெளுத்துப் போனது. முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவே எல்லைக்கோடு போட்டதுபோல ஆனது. காரணம் மெலனின். அந்த நிறமியைத் தயாரிக்கும் செல்கள் எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. நம் தோலில் அவை கூடுதல் சுறுசுறுப்பு. சூடு, உராய்வு, அழற்சி எதைக் கண்டாலும் நிறமியைக் கொட்டும். அளவுக்கு மீறிச் சுட்டுவிட்டால் அந்தச் செல்களே அழிந்துபோகும்.

இந்தத் துறையின் அளவுகோல்கள்கூட முதலில் நமக்காகப் போடப்பட்டவை அல்ல. ஹார்வர்டு பேராசிரியர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் தோலை வகைப்படுத்தியபோது, ஒளிச்சிகிச்சையில் எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று கணக்கிடுவதே நோக்கம். முதலில் இருந்த வகைகள் எல்லாம் வெள்ளைத் தோலின் உட்பிரிவுகள். பழுப்புக்கும் கறுப்புக்கும் ஐந்து, ஆறு என்று பின்னால்தான் இடம் ஒதுக்கினார்கள். தமிழர்களில் பெரும்பாலோர் இன்று நான்கிலும் ஐந்திலும் வருகிறார்கள்.

2004-ல் திருப்பம் வந்தது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டீன், ராக்ஸ் ஆண்டர்சன் குழுவினர், முழுத் தோலையும் சுடாமல், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள நுண்தூண்களாக மட்டும் சுட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தூணைச் சுற்றிலும் தொடப்படாத தோல். காயத்தை மூடும் செல்கள் பக்கத்திலிருந்தே நகர்ந்து வந்துவிடுவதால் ஒன்றிரண்டு நாளிலேயே மேல்தோல் மூடிக்கொண்டது. ‘ஃப்ராக்‌ஷனல்’ என்ற அடைமொழியோடு இன்று விற்கப்படும் லேசர்கள் எல்லாம் இதன் வாரிசுகள். சில ஆண்டுகளில் படேலின் சிஓ2 லேசரும் இதே முறைக்கு மாறியது. பழுப்புத் தோலுக்கு லேசரின் கதவு ஓரளவாவது திறந்தது அதற்குப் பிறகுதான். கருமை படியும் ஆபத்து ஒழிந்துவிடவில்லை. ஆனால் பெரும்பாலும் அது சில வாரங்களிலோ மாதங்களிலோ மங்கிவிடுகிறது. தூண்களை எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். நம் தோலில் ஆழத்தைக் கூட்டினாலும் நெருக்கத்தைக் குறைத்து வைப்பதே அனுபவசாலிகளின் வழக்கம்.

சிகிச்சை நாளில் முதலில் மரத்துப்போக வைக்கும் க்ரீமைத் தடவி முக்கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள். லேசர் ஓடுவது என்னவோ அரை மணிக்கும் குறைவு. அன்று முகம் எரியும், வீங்கும். மூன்றாம் நாள் பார்த்தால் காபிப்பொடியைத் தூவி ஒட்டியதுபோல முகமெல்லாம் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். அவை ஒரு வாரத்தில் தானாக உதிரும். நகத்தால் சுரண்டினால் புதுத் தழும்புக்கு வழி வைத்ததாகிவிடும். உதட்டோரம் அடிக்கடி அக்கி போலக் கொப்புளம் வரும் வழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். லேசர் அந்தக் கொப்புளத்துக்குக் காரணமான வைரஸைத் தட்டி எழுப்பக்கூடும். அதைத் தடுக்க முன்னதாகவே மாத்திரை கொடுப்பார்கள்.

பச்சை குத்தும் ஊசியில் பிறந்தது

மைக்ரோநீட்லிங்குக்கு இத்தனை பெரிய இயற்பியல் பின்னணி கிடையாது. கனடாவின் மாண்ட்ரியலில் ஆந்த்ரே கமிராண்டும் ஜோஸ்லின் டூசேயும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு வெளுத்துப்போன தழும்புகளை மறைக்கத் தோல் நிற மையைப் பச்சை குத்தும் கருவியால் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், ஏற்றிய மை போய்விட்டிருந்தது. ஆனால் தழும்பு இருந்த இடத்தில் சொந்த நிறமே திரும்பியிருந்தது, தோலும் மிருதுவாகியிருந்தது. அப்படியானால் வேலை செய்தது மை இல்லை, ஊசிதான் என்று புரிந்துகொண்டு, மையே இல்லாமல் குத்திப் பார்த்து 1997-ல் எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் அதே யோசனையை உருளையில் பதித்த ஊசிகளாக மாற்றினார். டெர்மா ரோலர் வந்தது. இப்போது பேனா வடிவில், மோட்டார் வைத்து, ‘டெர்மாபென்’.

மேல்தோலைப் பெரும்பாலும் விட்டுவிட்டு அடித்தோலைத் தூண்டுவதால் இதில் கருமை படிவது குறைவு. நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஸ்ரீநகரைச் சேர்ந்த இம்ரான் மஜீத் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையை முடித்த 36 பேரில் 34 பேருக்குத் தழும்பின் தரம் ஒரு படியோ இரண்டு படியோ இறங்கியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பருத்தழும்புக்கென்று முதல் மைக்ரோநீட்லிங் கருவியை அனுமதித்ததோ 2018-ல்தான்.

மருத்துவமனையில் ஊசி ஒன்றரை மில்லிமீட்டர் ஆழமாவது இறங்கினால்தான் பள்ளத்துக்குப் பலன். முகத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்க்கும். மாதம் ஒன்றாக நான்கைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கி வீட்டில் உருட்டும் அரை மில்லிமீட்டர் ரோலர் மேலோட்டமாகக் கீறுவதோடு சரி. பழுத்த பரு இருக்கும் முகத்தில் அதை உருட்டினால், ஓரிடத்துக் கிருமியை முகம் முழுக்க நட்டுவிட்டு வரும்.

சத்தமில்லாத இரண்டு உத்திகள்

விளம்பரப் பலகையில் இடம்பிடிக்காத, ஆனால் பல முகங்களில் லேசரைவிட அதிக வேலை செய்கிற இரண்டு சிகிச்சைகள் உண்டு. ஒன்று சப்சிஷன். 1995-ல் நியூயார்க்கின் ஓரன்ட்ரைக் மருத்துவர்கள் பெயர் சூட்டி விவரித்தது. முனை அகன்ற ஊசியைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் நுழைத்து, தோலுக்கு அடியிலேயே முன்னும் பின்னும் அசைத்து, கீழே இழுத்துக்கொண்டிருக்கும் நார்களை அறுத்துவிடுவார்கள். அறுபடும்போது ‘கறக் கறக்’கென்று சத்தம் கேட்கும் என்று செய்துகொண்டவர்கள் சொல்வதுண்டு. ஒன்றிரண்டு வாரம் கன்னம் ரத்தம் கட்டி நீலம் பாரித்திருக்கும். ரோலிங் பள்ளத்துக்கு இதற்கு இணை குறைவு.

மற்றது கிராஸ். 2002-ல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட முறை. கூராகச் சீவிய மரக்குச்சியின் நுனியை அடர்த்தி மிகுந்த ட்ரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தில் தோய்த்து, ஐஸ்பிக் குழிக்குள் மட்டும் வைத்து அழுத்துவார்கள். சில விநாடிகளில் குழி வெள்ளையாக உறையும். சில நாளில் பொருக்கு உதிர்ந்து, அடியிலிருந்து கொலாஜன் மெல்ல மேலே வரும். இதே அடர்த்தியில் இந்த அமிலத்தை முகம் முழுக்கப் பூசினால் முகமே வெந்துவிடும். குழிக்குள் மட்டும் நிறுத்துவதில்தான் கைப்பக்குவம். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையின் நிதி குங்கர், இந்தியத் தோலில் இதைச் செய்து பார்த்து, ஐஸ்பிக்குக்குப் பலன் தருவதைப் பதிவு செய்திருக்கிறார். செலவு? அமிலமும் குச்சியும்தான். கோடி ரூபாய் இயந்திரம் வாங்கிப் போட்டவர்கள் ஏன் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

மிக ஆழமான தனித்தனிக் குழிகளை ‘பஞ்ச்’ கருவியால் வட்டமாக வெட்டி எடுத்துத் தையல் போடுவதும், காதுக்குப் பின்னாலிருந்து சிறு தோல் துண்டு எடுத்து நடுவதும் உண்டு. வழக்கமான வரிசை, முதலில் நாரை அறுப்பது, குழிகளைத் தனித்தனியாகக் கவனிப்பது, கடைசியாகத்தான் முகம் முழுமைக்கும் லேசரோ ஊசியோ. இத்தனையும் செய்த பிறகும் தழும்பு முழுக்க மறையாது. பாதிக்கு மேல் குறைந்தாலே நல்ல பலன். ‘நூறு சதவீதம் கியாரண்டி’ என்று எழுதியிருக்கும் பலகைக்குக் கீழே நிற்காமல் நடந்துவிடுவது உத்தமம்.

ஆறு மாத விதியும் ஆறு நோயாளிகளும்

கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைப் பற்றிப் பல வருடங்களாக ஒரு கண்டிப்பான விதி இருந்தது. மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆகாமல் முகத்தைத் தொடக் கூடாது. அந்த மாத்திரை எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கும். காயத்தை மூடும் புதுச் செல்கள் அந்தச் சுரப்பிகளிலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும்தான் கிளம்புகின்றன. ஆகவே ஆறுவது தடைபடும் என்ற தர்க்கம் அதன் பின்னால் இருந்தது. அச்சத்துக்கு வலுச் சேர்த்தது 1986-ல் வெளியான அறிக்கை ஒன்று. மாத்திரை எடுத்தவர்களுக்கு டெர்மாபிரேஷன் செய்ததில் எதிர்பாராத இடங்களில் கீலாய்டு வந்த ஆறு பேரைப் பற்றியது அது. ஆறே பேர். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு உலகமெங்கும் நோயாளிகளைக் காக்க வைத்தார்கள். காத்திருந்த காலத்தில் தழும்பும் இறுகிக்கொண்டது.

2017-ல் அமெரிக்க நிபுணர்கள் 32 ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து 1,485 சிகிச்சைகளின் விவரத்தைத் திரட்டிப் பார்த்தார்கள். சுழல் கருவியால் சீவும் டெர்மாபிரேஷனையும் முழு முகத்தையும் சுடும் பழைய வகை லேசரையும் தவிர்க்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. மேலோட்டமான பீலிங்கையும் ஃப்ராக்‌ஷனல் லேசரையும் தள்ளிப்போட மட்டும் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு, பெங்களூருவின் வெங்கட்ராம் மைசூர் தலைமையில் இந்தியத் தோல் அறுவை நிபுணர்கள் சங்கமும் இதற்கென வழிகாட்டுதலை வெளியிட்டது. இன்னும் பழைய விதியையே சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் காரணம் கேட்பதில் தவறில்லை. ஒன்றை மட்டும் யாரும் தளர்த்தவில்லை. இந்த மாத்திரை எடுக்கும் பெண் கருத்தரிக்கக் கூடாது. குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரும் ஆபத்து அதிகம்.

சிவப்பழகு க்ரீமின் கைவரிசை

நம் ஊரில் தழும்புச் சிகிச்சை கெட்டுப்போகும் இடம் பல சமயம் மருந்துக்கடை. ஸ்டீராய்டு கலந்த க்ரீமை ‘பருவுக்கு நல்லது, முகமும் வெளுக்கும்’ என்று வாங்கிப் பூசுகிறார்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலியும், ரத்த நாளம் தெரியும், நிறுத்தினால் எரியும், பருவும் இரட்டிப்பாகும். இந்தியத் தோல் மருத்துவர்கள் பல மையங்களில் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் இப்படி ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். தொடர்ந்து குரல் எழுப்பியதன் விளைவாக, 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மத்திய அரசு மருந்துச் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. சட்டம் அப்படி. கடையில் கேட்டுப் பார்த்தால் நிலவரம் தெரியும். இப்படி மெலிந்த தோலில் லேசரை ஓட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதனால் நல்ல மருத்துவர், முதல் சந்திப்பில் பழைய க்ரீம் ட்யூப்களையெல்லாம் கொண்டுவரச் சொல்வார்.

யார் கையில் கருவி இருக்கிறது என்பதும் உயிர்ப் பிரச்சினையாகியிருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஸ்பா ஒன்று, வாடிக்கையாளரின் ரத்தத்திலிருந்தே பிரித்த பிளாஸ்மாவைத் தடவி ஊசி குத்தும் ‘வேம்பயர் ஃபேஷியல்’ செய்துவந்தது. அங்கே போன பெண்களில் குறைந்தது மூவருக்கு எச்ஐவி தொற்றியதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஏப்ரலில் உறுதி செய்தது. நம்மூர் அழகு நிலையங்களிலும் டெர்மாபென் புழங்குகிறது. ஊசித் தலையைக் கண்முன்னால் உறை பிரிக்கிறார்களா என்று பார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை. ஊசியோடு ரேடியோ அலைச் சூட்டையும் சேர்த்துப் பாய்ச்சும் ஆர்எஃப் மைக்ரோநீட்லிங் இப்போதைய மோகம். அதைப் பற்றி 2025 அக்டோபரில் எஃப்டிஏ எச்சரிக்கை விடுத்தது: தீக்காயம், தழும்பு, முகக் கொழுப்பு கரைந்துபோதல், நரம்புச் சேதம் என்று புகார்கள் வந்திருக்கின்றன.

பணத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் இதை அழகுச் சிகிச்சை என்று ஒதுக்கிவிடும். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது மருத்துவச் சேவைக்குக் கொடுத்த விலக்கிலும் அழகுக்கான அறுவை சிகிச்சையைச் சேர்க்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவுகளில் விசாரித்துப் பார்க்கலாம். சப்சிஷனுக்கும் கிராஸுக்கும் பெரிய இயந்திரம் வேண்டாம் என்பது அங்கே கைகொடுக்கும்.

கையில் காசு குறைவானவர்களுக்குச் சண்டிகரிலிருந்து வந்த ஆய்வு ஒன்று நம்பிக்கை தரும். அங்குள்ள பிஜிஐ மருத்துவமனை 2019-ல் வெளியிட்டது. பள்ளத் தழும்பு உள்ள 36 பேரின் முகத்தில் ஒரு பக்கத்துக்கு மைக்ரோநீட்லிங், மறுபக்கத்துக்குத் தினமும் இரவில் டாசரோட்டின் என்ற மருந்து ஜெல். மூன்று மாதத்தில் நான்கு முறை ஊசி. ஆறாவது மாதம் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. மிதமான தழும்பு உள்ளவர் ஊசிக்கு முன்னால் ஜெல்லைக் கேட்டுப் பார்க்கலாம். மருத்துவர் சீட்டோடுதான், கர்ப்பிணிகளுக்கு இதுவும் ஆகாது.

எந்தச் சிகிச்சை எடுத்தாலும் பாதி வேலை வெயிலோடுதான். டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் 2010-ல் காட்டியதுபோல, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே பழுப்புத் தோலைக் கருக்க வைக்கிறது. வெள்ளைத் தோலில் அது நடப்பதில்லை. வழக்கமான சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கும். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீன்தான் இந்த வெளிச்சத்தையும் மறைக்கும். தலைக்கவசத்தின் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு மதிய வெயிலில் வண்டி ஓட்டுபவர், லேசருக்குப் பிறகு சில வாரமாவது அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கொலாஜன் யாருக்காகவும் அவசரப்படாது. கடைசி அமர்வுக்குப் பிறகும் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை அது உருவாகிக்கொண்டே இருக்கும். தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழியில் ஓடிவரும் மணப்பெண்களையும் மாப்பிள்ளைகளையும் தோல் மருத்துவர்கள் வருடா வருடம் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் ஆழமான லேசர் செய்தால் முகூர்த்தத்தன்று முகத்தில் கருமைதான் நிற்கும். தையில் கல்யாணம் என்றால் சித்திரையிலேயே முதல் சந்திப்பு, ஐப்பசிக்குள் கடைசி சிட்டிங். மார்கழியில் வந்தவருக்குக் கொடுக்க முடிந்தது சன்ஸ்கிரீனும் நல்ல மேக்கப் ஆர்ட்டிஸ்டின் தொலைபேசி எண்ணும்தான்.